பயத்தின் பேரேடு

'பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேய் விளையாட்டு விளையாடுவதைப் பற்றி ஒரு இலக்கியப் பத்திரிகையில் என்ன எழுதக் கிடக்கிறது?' என்று கேட்கிற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார், 'நாவல் செத்துவிட்டது, இனிமேல் வாசகனே கதையை உண்டாக்கிக்கொள்கிற இந்த மாதிரி வடிவங்கள்தான்' என்று அறிவித்துக்கொண்டிருப்பவர்கள். முதல் சாரார் அந்த விளையாட்டைப் பார்த்ததில்லை; இரண்டாம் சாரார் விளையாடியதில்லை. பக்கத்தைப் புரட்டாமலே முடிவுக்கு வந்துவிடும் குணம் இருவருக்கும் பொது. நம் விமர்சனத்தில் இது புதிதல்ல என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் சொல்லும் விளையாட்டின் பெயர் 'கால் ஆஃப் க்துலு'. 1981இல் அமெரிக்காவில் கேயாஸியம் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர் சாண்டி பீட்டர்சன். மூலம், எச்.பி. லவ்கிராஃப்ட் (1890–1937) என்பவரின் கதைகள். க்துலு அவர் கற்பித்த ஒரு தெய்வம். அல்லது தெய்வம் என்று மனிதர்கள் தப்பாக நினைத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று. பசிபிக் கடலடியில் மூழ்கிப்போன நகரத்தில் உறங்குகிறது. அது விழிக்கிற நாளில் மனித குலம் முடிந்தது. அதுவும் நம்மேல் அதற்கு ஏதோ விரோதம் என்பதால் அல்ல, நாம் இருப்பது அதன் கவனத்திலேயே இல்லை என்பதால். அந்தப் பெயர் மனிதத் தொண்டையில் நுழையக் கூடாது என்பது லவ்கிராஃப்ட்டின் உத்தேசம். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்று தொல்காப்பியம் சொல்வதால் நமக்கு அது இலக்கண விரோதமும்கூட. கேட்டிருந்தால் மனிதர் சந்தோஷப்பட்டிருப்பார்.

தெரியாதவர்களுக்காக: பலகை கிடையாது, காய் கிடையாது. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் 'கீப்பர்'. உலகம் முழுக்க அவர் பொறுப்பு: மழை, கதவு, கதவுக்குப் பின்னால் யாரோ இழுத்துக்கொண்டு நடக்கும் சத்தம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள்: பேராசிரியர், நிருபர், வைத்தியர். காலம் பெரும்பாலும் 1920கள், இடம் பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்கு மூலை. 'கதவைத் திறக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் திறந்ததுதான். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வருகிற காரியத்துக்கு மட்டும் பத்து முகப் பகடைகள் இரண்டை உருட்டி 1லிருந்து 100க்குள் ஓர் எண்ணை எடுக்கிறார்கள். பாத்திரத்தின் திறமை 40 என்றால் 40க்குள் விழ வேண்டும். தாயம் விழாமல் தவித்த எவருக்கும் இதைவிட விளக்கம் தேவையில்லை.

இந்த வகையின் மூதாதை 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் ராட்சசனைக் கொன்று, பொன்னை எடுத்து, பலம் கூடி, இன்னும் பெரிய ராட்சசனிடம் போக வேண்டும். முதலாளித்துவத்தின் பாலபாடம் என்று நம் மார்க்சிய நண்பர்கள் சொன்னால் இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பீட்டர்சன் இந்த ஏணியைத் தலைகீழாக நட்டார். அவருடைய விளையாட்டில் பாத்திரம் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள நொறுங்குகிறது. வெற்றி என்பது உலகம் அழிவதை இன்னும் கொஞ்ச காலத்துக்குத் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான். இதற்குச் சம்மதித்துத்தான் உட்கார்கிறோம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே ஆடவைக்கிற விளையாட்டுகள் அதிகம் இல்லை.

நொறுங்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'சித்தசுவாதீனம்' என்று ஓர் எண். பாத்திரத்தின் மனவலிமையிலிருந்து அது கிடைக்கிறது. நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் தொடக்கத்தில் 90 வரை போகும். பயங்கரமான எதையாவது கண்டால் பகடையை உருட்ட வேண்டும். அந்த எண்ணுக்குள் விழுந்தால் சிறிய நஷ்டம், வெளியே விழுந்தால் பெரியது. எதிர்பாராமல் ஒரு மனிதப் பிணத்தைக் காண நேர்ந்தால், தாங்கினவனுக்கு நஷ்டமில்லை. தாங்காதவனுக்கு 1லிருந்து 3 வரை. க்துலுவையே கண்ணால் கண்டால், தாங்கினாலே 1லிருந்து 10. தாங்காவிட்டால் 1லிருந்து 100. எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பாத்திரம் உங்களுடையதில்லை. தாளைக் கீப்பரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை. ஒரே அதிர்ச்சியில் 5 புள்ளியோ அதற்கு மேலோ போய்விட்டால் இன்னொருமுறை உருட்ட வேண்டும். இந்தத் தடவை புத்திக்கூர்மைக்கு. அதில் ஜெயித்தால் பைத்தியம் பிடிக்கும். தோற்றால் பிடிக்காது. அச்சுப் பிழை என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. பிழையில்லை. புத்தி வேலை செய்தவன் தான் கண்டது என்னவென்று விளங்கிக்கொண்டான், அதனால் உடைந்தான். விளங்காதவன் எதையோ பார்த்துவிட்டதாக நினைத்து மறந்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். மொத்த விளையாட்டிலும் 'ஜெயித்தேன்' என்று சொல்லும்போதே முகம் வெளிறிப்போகிற இடம் இது ஒன்றுதான். 'உண்மையைத் தரிசித்தவன் பழைய மனிதனாக இருக்க முடியாது' என்று நாம் எத்தனை மதிப்புரைகளில் எழுதியிருப்போம்? எழுதிவிட்டுப் பழைய மனிதர்களாகவே டீ குடிக்கப் போகிறோம். பீட்டர்சன் அந்த வாக்கியத்துக்கு ஒரு விலை வைத்தார், விலையைக் கொடுக்கவும் செய்தார்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதி. நெக்ரோநாமிகான் மாதிரியான (லவ்கிராஃப்ட் கற்பித்த) ரகசிய நூல்களைப் படித்தால் 'க்துலு ஞானம்' என்ற திறமை கூடுகிறது. 99இலிருந்து அந்த ஞானத்தைக் கழித்தால் வருவதுதான் சித்தசுவாதீனத்தின் உச்சவரம்பு. 20 அளவுக்கு ஞானம் உள்ளவன் என்ன சிகிச்சை செய்துகொண்டாலும் 79ஐத் தாண்ட முடியாது. ஆகவே இது வாசிப்பைப் பற்றிய விளையாட்டு. நூலகத்தில் தேடுவது துப்பாக்கியைவிட உபயோகமான திறமை. துப்பாக்கியைவிட ஆபத்தானதும் அதுதான்.

நாங்கள் நாலு பேர், வங்கி மூடிய பிறகு ஒரு நண்பரின் மாடி அறையில், இதன் மிகப் பழைய கதைகளில் ஒன்றை மூன்று இரவு ஆடினோம். 1981 முதல் பதிப்பிலேயே உள்ளது. பாஸ்டனில் ஒரு வீடு. சொந்தக்காரருக்கு அதை வாடகைக்கு விட முடியவில்லை, குடியிருந்தவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார். அவசரக்காரர்கள் நேரே வீட்டுக்குப் போய்ச் சாகிறார்கள். மற்றவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் போகிறார்கள். அந்த வீட்டில் முன்பு இருந்தவர்மேல் அக்கம்பக்கத்தார் போட்ட வழக்கு கிடைக்கிறது. செத்தபின் தன்னை வீட்டின் நிலவறையிலேயே புதைக்க வேண்டும் என்று அவர் எழுதிய உயிலை எதிர்த்து இன்னொரு வழக்கு. இரண்டாவது வழக்கு என்ன ஆயிற்று என்று பதிவில்லை. பதிவில்லை என்று கீப்பர் சாதாரணமாகச் சொன்னபோது, பேரேட்டில் விட்டுப்போன ஒரு பதிவைத் தேடி இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருக்கும் என்னைப்போன்ற குமாஸ்தாவுக்கு முதுகில் சில்லிட்டது. பேய் இன்னும் வரவேயில்லை. வந்தபோது இவ்வளவு பயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'வாசகனே ஆசிரியன்' கோஷ்டிக்கு இங்கே ஒரு வார்த்தை. ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்ததிலிருந்து இவர்கள் காரியம் செய்து முடித்தபாடில்லை. இந்த மேஜையில் ஆசிரியன் உண்மையிலேயே இல்லை. அதன் விளைவு என்ன தெரியுமா? மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் வெறும் அரட்டை. ஒருவர் ஜோக் அடிக்கிறார், ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வருகிறது, கீப்பர் ஒரு விதியைத் தேடிப் பக்கம் புரட்டுகிறார். நம்பிக்கையின்மையை மனமுவந்து ஒதுக்கிவைப்பது பற்றிக் கோல்ரிட்ஜ் சொன்னதை பி.ஏ.யில் மனப்பாடம் செய்தேன். அதை நாலு பேர் ஒரே நிமிஷத்தில் செய்வது எவ்வளவு சிரமம் என்று மாடி அறையில்தான் தெரிந்தது. மிச்சமுள்ள அரைமணி நேரத்துக்காக நான் மறுபடியும் போவேன். ஆனால் அந்த அரைமணி நேரம் நாவலுக்குப் பதில் என்று சொல்லமாட்டேன். அது மறுநாள் இருக்காது. யாரும் அதைத் திரும்ப வாசிக்க முடியாது. திரும்ப வாசிக்க முடியாத ஒன்றோடு விமர்சகன் எப்படிச் சண்டை போடுவது?

இனிச் சண்டைக்கு வருகிறேன்.

துப்பு கிடைக்க வேண்டிய இடத்தில் பகடை தவறிவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது என்பது பலரும் சொல்லும் குறை. உண்மைதான். 2008இல் கென்னத் ஹைட் எழுதிய 'டிரெயில் ஆஃப் க்துலு' துப்பைப் பகடையில்லாமலே கொடுத்து இதைச் சரிசெய்தது. இது தச்சு வேலையில் உள்ள கோளாறு. எனக்கு இதில் அக்கறையில்லை.

பெரிய கோளாறு வேறு. லவ்கிராஃப்ட்டின் உரைநடை மோசம் என்று சொல்லாத விமர்சகன் இல்லை. விவரிக்க முடியாதது, பெயரிட முடியாதது என்று அடைமொழிகளை அடுக்குவார். எரிச்சல் வரும். ஆனால் அந்த அடுக்குக்குப் பின்னால் ஒரு நேர்மை இருக்கிறது. மொழிக்கு வெளியே ஒன்று இருப்பதாக அவர் நம்பினார். மொழி அங்கே போய் முட்டி விழுவதைப் பக்கத்தில் காட்டினார். விளையாட்டோ அதற்கு உயரம், பலம், எத்தனை அடி தாங்கும், ஒரு சுற்றில் எத்தனை பேரைப் பிடிக்கும் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. பட்டியல் போட்ட தெய்வம் அஞ்சறைப் பெட்டியில் போட்ட கடுகு மாதிரி. விளையாடுகிறவன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் பயம் ஏது? எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எண்தான். அதைக் கழித்துவிடலாம் என்ற ஆசை வந்துவிடும். 2016இல் இதே நிறுவனம் வெளியிட்ட 'பல்ப் க்துலு' அந்த ஆசைக்கு நடை திறந்து விட்டது. அதில் நாயகர்களுக்கு அடி தாங்கும் சக்தி இரட்டிப்பு. தலைகீழாக நட்ட ஏணியை மறுபடி நிமிர்த்தியாயிற்று.

சித்தசுவாதீனக் கணக்கும் இதே கதிதான் அடைகிறது. எங்கள் தொழிலில் 'இருப்பு' என்றால் கணக்கில் மிச்சம் உள்ள தொகை. நம் சிறுபத்திரிகைகளில் 'இருப்பு' என்றால் சார்த்தர். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியது பீட்டர்சனின் சாதனை என்று முதலில் வியந்தேன். பிறகுதான் வரவுப் பத்தியைக் கவனித்தேன். கதையை முடித்தால், ராட்சசனை ஒழித்தால், கீப்பர் பகடையை உருட்டிப் புள்ளிகளைத் திருப்பித் தருகிறார். ஏதாவதொரு திறமை 90ஐத் தொட்டாலும் இரண்டு பகடை அளவுக்கு வரவு. திறமைப் பட்டியலில் கணக்கெழுதுவதும் உண்டு. நான் பதினோரு வருஷமாகக் கணக்கெழுதுகிறேன். இதுவரை எதுவும் வரவு வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. விளையாட்டு என்ற முறையில் இந்த ஏற்பாட்டின் அவசியம் புரிகிறது. இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஆட ஆள் இருக்காது. ஆனால் அறிந்ததற்கு விலை உண்டு என்று சொன்ன வடிவம், விலையைத் தவணையில் திருப்பிக் கொடுக்கும்போது முதலில் சொன்னதைத் தானே ரத்து செய்கிறது.

பைத்தியத்தைப் பற்றி. 2014இல் மைக் மேசனும் பால் ஃப்ரிக்கரும் திருத்திய ஏழாம் பதிப்பில் 100 பயங்களும் 100 வெறிகளும் கொண்ட இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. பகடையை உருட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பூனை, பாலம் என்று. மேஜையில் சிரிப்பு வரும், எங்களுக்கும் வந்தது. அதே பதிப்பில் இதைவிட ஆழமான ஒரு விதி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாத்திரத்தின் பூர்வகதையில் அவன் நேசிக்கிறவர், அவன் போற்றும் பொருள், அவனுக்கு முக்கியமான இடம் என்று எழுதிவைத்திருப்போமே, சித்தம் கலங்கும்போது கீப்பர் அதில் ஒரு வரியை மாற்றி எழுதலாம். 'என் தங்கை' என்று எழுதிய இடத்தில் 'தங்கை என்று சொல்லிக்கொள்கிறவள்' என்று வந்துவிடுகிறது. இதை யோசித்தவர் நாவலாசிரியனாக வேண்டியவர். பிறகு எதற்கு அந்தப் பட்டியல்கள்?

என் பெரியப்பாவுக்குச் சித்தம் பேதலித்திருந்தது. அவர் எந்த ரகசிய நூலையும் படிக்கவில்லை. பிரபஞ்ச உண்மை எதுவும் அவருக்குத் தரிசனமாகவில்லை. ஒரு நாள் பாயில் உட்கார்ந்தவர், எழுந்து வேலைக்குப் போக மறுத்தார். மாதத்துக்கொரு முறை மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றது எங்கள் அப்பா. சில மாதங்கள் நான். ஞானத்துக்குக் கொடுக்கும் விலைதான் பைத்தியம் என்கிற ரொமாண்டிக் கருத்தை (நம் கவிஞர்களுக்கு இதில் ரொம்ப ஈடுபாடு) அந்த வரிசையில் நின்ற எவனும் ஒப்புக்கொள்ளமாட்டான். லவ்கிராஃப்ட்டே ஒப்புக்கொண்டிருக்க நியாயமில்லை. அவருடைய அப்பா 1893இல் பிராவிடென்ஸ் நகரத்து பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1898இல் அங்கேயே இறந்தார். அம்மா அதே மருத்துவமனைக்கு 1919இல் போய் 1921இல் இறந்தார். அவர் கதைகளில் ஓயாமல் வருகிற பைத்தியத்துக்குப் பின்னால் ஒரு வீடும் ஒரு வாயிற்கதவும் இருக்கின்றன. தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்த ஒரு பிள்ளையின் பயத்தை, 'அது உண்மையைக் கண்டவர்களுக்கு மட்டும் வருவது' என்று அவர் கௌரவமாக்கிக்கொண்டிருக்கலாம். அது அவருடைய தேவை என்று எனக்குப் படுகிறது. விளையாட்டு அந்தக் கௌரவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, பிள்ளையை விட்டுவிட்டது.

அடுத்ததை ஆங்கிலத்தில் நிறையப் பேர் பேசிவிட்டார்கள், நம் பக்கம் யாரும் பேசவில்லை. லவ்கிராஃப்ட் நிறவெறியர். 'அந்தக் காலத்து மனிதர்' என்று பூசி மெழுகுவது நடக்காது. அந்தக் காலத்து அளவுக்கும் அதிகம். 1924இலிருந்து 1926 வரை நியூயார்க்கில் இருந்தார். கப்பலிலிருந்து இறங்கி வந்த எல்லா நிறத்து மனிதர்களையும் பார்த்தார், பயந்தார். 1925இல் எழுதிய 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' அந்தப் பயத்தின் நேரடி வாக்குமூலம். ஊர் திரும்பி 1926இல் எழுதி, 1928இல் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் வந்த 'க்துலுவின் அழைப்பு' அதைவிட நல்ல கதை. ஆகவே அதைவிட விஷம். அதில் க்துலுவை வணங்குகிறவர்கள் யார்? கறுப்பர்கள், கலப்பினத்தார், துறைமுகத்து மாலுமிகள், எஸ்கிமோக்கள். விசாரிக்கிறவர்கள் யார்? பேராசிரியரும் அவர் பேரப்பிள்ளை முறை உள்ளவரும்.

அந்தக் கதையின் கடைசிப் பகுதியில் ஓர் இடம். க்துலுவை நேரில் கண்டு தப்பி வந்த நார்வே மாலுமி ஜோஹன்சன், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து வழியாக நடக்கிறான். மாடி ஜன்னலிலிருந்து ஒரு காகிதக்கட்டு விழுந்து அவனைக் கீழே தள்ளுகிறது. இரண்டு லாஸ்கர்கள் உடனே அவனைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துபோகிறான். இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஆனால் கதை அந்த இருவரையும் கொலைகாரர்கள் என்று நினைக்கச் சொல்கிறது, படிக்கிறவனும் நினைத்துவிடுகிறான். முதல்முறை படித்தபோது நானும் நினைத்தேன். லாஸ்கர்கள் யார்? வெள்ளைக்காரக் கப்பல்களில் கூலிக்குப் போன கீழ்த்திசை மாலுமிகள்; பெரும்பாலும் நம் துணைக்கண்டத்தவர், சில்ஹெட்டிலிருந்தும் கொங்கணக் கரையிலிருந்தும் போனவர்கள். கீழ்த்தளத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள். வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு பகுதிதான் இவர்களுக்கு. கதை நடக்கும் அதே 1925ஆம் வருஷம் பிரிட்டன் ஓர் உத்தரவு போட்டது: நிறமுள்ள அந்நிய மாலுமிகள் போலீசில் பதிந்துகொள்ள வேண்டும். லாஸ்கர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள்தான். அதைக் காட்டக் கையில் காகிதம் இல்லாதவர்கள் அந்நியர்களோடு சேர்க்கப்பட்டார்கள்.

விழுந்த ஒருவனைத் தூக்கிவிட்டார்கள். அதற்காக ஏறக்குறைய நூறு வருஷமாகச் சந்தேகத்தில் இருக்கிறார்கள்.

விளையாட்டு இந்தச் சொத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 1984இல் வந்த, இன்றுவரை மிகச் சிறந்தது என்று கொண்டாடப்படுகிற 'மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லத்தொடெப்' என்ற தொடர்கதையில் விசாரிப்பவர்கள் நியூயார்க்கிலிருந்து லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகத்தைச் சுற்றுகிறார்கள். போகிற இடமெல்லாம் ஒரு ரகசியக் கூட்டம், கூட்டத்தில் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள். நான் அதைப் படித்தேன். பிரமாதமான கட்டுமானம், மறுக்கவில்லை. 2018இல் திருத்திப் பதிப்பித்தபோது இதையெல்லாம் உணர்ந்து நிறைய மாற்றினார்கள். அதற்கு முந்தைய வருஷம் கிறிஸ் ஸ்பைவி 'ஹார்லெம் அன்பவுண்ட்' எழுதி, விசாரிக்கிற இடத்தில் ஹார்லெமின் கறுப்பு மக்களையே உட்காரவைத்தார். 2016இல் விக்டர் லாவேல் ரெட் ஹூக் கதையை ஒரு கறுப்பு இளைஞன் பக்கத்திலிருந்து திருப்பி எழுதினார். உலக ஃபேண்டஸி விருதுக்குக் கொடுத்துவந்த லவ்கிராஃப்ட் தலைச்சிலையை 2015இல் கைவிட்டார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். ஸ்பைவி செய்தது துணிச்சலானதும்கூட.

என்றாலும் ஆளை மாற்றி உட்காரவைப்பதால் மட்டும் தீருகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாப் பாத்திரங்களும் ஓர் ஆரம்ப இருப்போடு கணக்கைத் தொடங்குகின்றன என்பதைப் பாருங்கள். உலகம் ஒழுங்கானது, நமக்காக ஏற்பட்டது, விசாரித்தால் பதில் கிடைக்கும், போலீஸைக் கூப்பிட்டால் நம் பக்கம் நிற்கும் என்கிற நம்பிக்கைதான் அந்த 50, 60 புள்ளி. பிரபஞ்சம் நம்மைப் பொருட்படுத்தவில்லை என்று தெரியவரும்போது அது கரைகிறது. லவ்கிராஃப்ட்டின் பயங்கரம் முழுக்க இந்த ஒரே செய்திதான்: நீ மையமில்லை. மையமாக ஒருநாளும் இருந்திராதவனுக்கு இதில் என்ன செய்தி இருக்கிறது? கொதிகலன் அறையில் இருந்தவனுக்கு மேல்தளத்தில் இருப்பவர்கள் தன்னைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்லவா க்துலு எழுந்து வர வேண்டும்? அவனுக்கும் பயம் உண்டு. அது வேறு தினுசு பயம். அதற்கு இந்த விதிப்புத்தகத்தில் பத்தி இல்லை.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் கீப்பர் நண்பர், 'அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா?' என்றார். வேண்டாம் என்றேன். லவ்கிராஃப்ட்டின் கதையில் அந்த இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம்தான். செத்துப்போன ஆசிரியனிடம் இன்னொரு வாக்கியம் கேட்க முடியாது. மேஜையில் கேட்கலாம். நாவல் தராத ஒன்றை இந்த விளையாட்டு தருகிறது என்றால் இதைத்தான் தருகிறது. கோஷ்டிக்காரர்கள் சொல்லும் 'வாசகப் படைப்பு' வேறு எங்கேயும் எனக்குக் கண்ணில் படவில்லை.

நாலாவது இரவு நானும் இன்னொருவரும் அந்த லாஸ்கர்களாக உட்கார்ந்தோம். துறைமுகத்துச் சந்து. ஒரு வெள்ளைக்காரன் காகிதக்கட்டு அடித்துக் கீழே விழுகிறான். தூக்குவதா, நடந்துவிடுவதா? இதற்கே இருபது நிமிஷம் பேசினோம். தூக்கினால் என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும். இரண்டு பாத்திரங்களுக்கும் தெரியும். தூக்கினோம். அவன் எங்கள் கையில் செத்தான். பிணத்தைக் கண்டதற்குக் கீப்பர் பகடையை நீட்டினார். என்ன எண்ணுக்குள் விழ வேண்டும் என்று கேட்டேன். தாளில் அந்தக் கட்டத்தை நாங்கள் நிரப்பியிருக்கவில்லை. எவ்வளவு போடுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பகடையை ஓரமாக வைத்துவிட்டோம். ஆம்புலன்ஸுக்கு முன்னால் போலீஸ்காரர் வந்தார். பெயர் என்ன, எந்தக் கப்பல், காகிதம் எங்கே என்று எங்களுக்குத் தெரியாத பாஷையில் கேட்டார். அவருக்கு எந்தப் பாஷையில் பதில் சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மணி பதினொன்றே கால் ஆகிவிட்டது. விளையாட்டு அங்கேயே நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை தொடர்வதாக உத்தேசம்.